கல்லான சுறாப் பற்கள்

சுறாவின் உடம்பில் கெட்டியான எலும்பு என்று எதுவும் கிடையாது. சுறாப்புட்டுக்காக மீனை வேகவைத்து உதிர்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்; நடுவே கிடைப்பது வளைந்துகொடுக்கும் குருத்தெலும்புதான். செத்த சுறா கடலடியில் விழுந்தால் சதையோடு சேர்ந்து அதுவும் மட்கிப்போகும். மட்காமல் நிற்பது பல். உள்ளே தந்தினி, வெளியே ஃபுளூரைடு கலந்த பாஸ்பேட்டாலான பளபளப்பான பூச்சு என்று அது உறுதியாக அமைந்திருக்கிறது. மனிதப் பல்லைப் போல அது தாடைக் குழிக்குள் பதிந்திருப்பதில்லை; ஈறுத் திசுவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இரையைக் கடிக்கும்போது எளிதில் கழன்றுவிடும். பிறகு பின்வரிசையிலிருந்து இன்னொன்று முன்னே வரும். ஒரு சுறா தன் வாழ்நாளில் இப்படி ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. முதுகெலும்புள்ள விலங்குகளின் புதைபடிவங்களில் சுறாப் பல் அளவுக்குத் தாராளமாகக் கிடைப்பவை குறைவு என்பதற்குக் காரணம் இதுதான்.

உதிர்ந்த பல் சீக்கிரம் சேற்றிலோ மணலிலோ புதைந்தால்தான் தப்பும். மேலே வண்டல் படியப்படிய, கசியும் நீரிலுள்ள தாதுக்கள் பல்லின் நுண்துளைகளில் ஏறுகின்றன. வெள்ளையாக இருந்த பல் கறுப்பு, சாம்பல், பழுப்பு, நீலச் சாம்பல் என்று நிறம் மாறுகிறது. கறுத்த பல்தான் பழைய பல் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. நிறம் சொல்வது பல் எந்த மண்ணில் கிடந்தது என்பதை. வயதைச் சொல்ல அது கிடந்த பாறை அடுக்கு வேண்டும்.

முன்பு ஐரோப்பாவில் இந்தக் கல்லான பற்களுக்கு நாக்குக் கல் என்று பெயர். பாம்பின் நாக்கு கல்லானது என்றும், வானத்திலிருந்து விழுந்தது என்றும் நம்பினார்கள். விஷமுறிவுக்காக மால்டா தீவிலிருந்து வரவழைத்து வைத்துக்கொண்டார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ கரையருகே பெரிய சுறா ஒன்று பிடிபட்டது. அதன் தலையை அறுத்து ஆராய்ந்த டென்மார்க் நாட்டு உடற்கூறு அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ, அதன் பற்களும் நாக்குக் கற்களும் ஒன்றே என்று 1667இல் எழுதினார். கடல் உயிரின் பல் மலைப்பாறைக்குள் எப்படிப் போனது என்ற கேள்வி அவரை விடவில்லை. பாறைகள் அடுக்கடுக்காகப் படிந்தவை, கீழே இருப்பது முந்தையது என்ற விதியை 1669இல் அவர் முன்வைத்தார். நிலவியல் இன்றும் அந்த விதியின்மேல்தான் நிற்கிறது.

சுறாப் பல் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பாறை கடலில் படிந்ததா என்பதே. சிட்னிக்குத் தெற்கே, வெங்கடேஸ்வரர் கோயிலால் தமிழர்கள் நன்கறிந்த ஹெலன்ஸ்பர்க்கை எடுத்துக்கொள்ளலாம். கடற்கரை கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கு அடியில் இருப்பது நிலக்கரி. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடுகள் புதைந்து உருவானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை வெட்டியெடுக்க அங்கே சுரங்கம் வந்துவிட்டது. அதற்கு மேலே, ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகிய பாறை. பெருங்கடல் சுறாவின் பல்லைத் தேட அது இடமில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறதா என்பது இங்கே பொருட்டே அல்ல. அந்தப் பாறை படிந்த காலத்தில் அங்கே கடல் இருந்ததா என்பதுதான் கணக்கு.

அப்படிக் கடல் இருந்த இடங்கள் மெல்போர்ன் பக்கம் உண்டு. நகரின் தென்கிழக்குப் புறநகரான போமரிஸில் கடலோரக் குன்றும் அதன் அடியிலுள்ள பாறைத் திட்டும் சுமார் 50, 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை. திமிங்கலம், பென்குவின், கடல் முள்ளெலி ஆகியவற்றின் எச்சங்களோடு சுறாப் பற்களும் அங்கே கிடைக்கின்றன. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த மெகலோடன் என்ற பெருஞ்சுறாவின் பற்களும் அவற்றில் உண்டு. உலகில் கிடைத்த மெகலோடன் பற்களில் பெரியவை 18 செ.மீ. வரை நீளமுள்ளவை.

ஆனாலும் ஆஸ்திரேலியாவில் சுறாப் பல் என்றால் முதலில் பேச வேண்டிய ஊர் ஜான் ஜக். மெல்போர்னுக்குத் தென்மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில், டார்க்கி நகரை ஒட்டியிருக்கும் கடற்கரை அது. 2015இல் புதைபடிவங்களைத் தேடி அங்கே நடந்துகொண்டிருந்த பள்ளி ஆசிரியர் ஒருவரின் கண்ணில், பெரிய பாறாங்கல் ஒன்றில் ஏதோ மின்னியது. கால்வாசிப் பல் வெளியே தெரிந்தது. பார்த்துக்கொண்டே போனபோது அதே கல்லில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. அவர் விக்டோரியா அருங்காட்சியகத்துக்குச் செய்தி சொன்னார். 2017 டிசம்பரிலும் 2018 ஜனவரியிலும் அங்கே சென்று அகழ்ந்த குழுவினர் 40க்கு மேற்பட்ட பற்களை எடுத்தார்கள்.

அந்தப் பற்கள் 7 செ.மீ. வரை நீளமானவை. விளிம்பில் அரம் போன்ற நுண்பற்களும், அடியில் பக்கத்துக்கு ஒரு குட்டி முனையும் உள்ளவை. இவை மெகலோடனின் முன்னோர் வழியில் வந்த அங்குஸ்டிடென்ஸ் என்ற இனத்துக்குரியவை. 9 மீட்டருக்கு மேல் வளர்ந்து, சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடலில் சிறு திமிங்கலங்களை வேட்டையாடிய சுறா அது. சுறா உயிரோடிருக்கும்போது பல் ஒவ்வொன்றாகத்தான் உதிரும். ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் விழும். இத்தனை பற்கள் ஒரே கல்லில் இருந்தால், செத்த சுறா முழுதாக அங்கே அமிழ்ந்தது என்று பொருள். இந்த இனத்தில் இப்படி ஒரே விலங்கின் பற்கள் சேர்ந்து கிடைத்தது உலகிலேயே மூன்று தடவைதான் என்று 2018 ஆகஸ்டில் அருங்காட்சியகம் அறிவித்தது.

இதைவிட வியப்பானது அந்தக் கல்லிலேயே இருந்தது. பெரிய பற்களுக்கு நடுவே, சீப்பு வடிவில் பல முனைகளோடு சிறு பற்களும் இருந்தன. அவை ஆறு செவுள்பிளவுச் சுறாக்களின் பற்கள். அதுவும் ஒரு சுறாவினுடையவை அல்ல, பல சுறாக்களுடையவை. பெரிய சுறாவின் பிணத்தை அவை கடித்துத் தின்றபோது கழன்று விழுந்தவை என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்தச் சுறாக்கள் இன்றும் ஆழ்கடலில் பிணம் தின்று வாழ்கின்றன. பற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து விற்றிருந்தால் அலமாரிகளில் 40 அழகுப் பொருட்கள் சேர்ந்திருக்கும். இந்தக் கதை மட்டும் யாருக்கும் கிடைத்திருக்காது. அந்த ஆசிரியரோ பற்களை அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

தமிழ்நாட்டிலும் இந்தச் செல்வம் உண்டு. பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்தது. 1840களில் கே, கன்லிஃப் என்ற ஆங்கிலேய அதிகாரிகள் புதுச்சேரிப் பக்கம் திரட்டிய மீன் எச்சங்களை லண்டனில் எகர்ட்டன் என்பவர் 1845இல் விவரித்தார். சுறாப் பற்களும் அவற்றில் இருந்தன. செடிகொடியில்லாமல் ஓடை ஓடையாக அரிக்கப்பட்டுக் கிடக்கும் காரை கிராமத்துக் களிமண் மேடுகளிலிருந்து கிடைத்த சுறாக்களைப் பற்றி இந்திய, பிரிட்டன் ஆய்வாளர்கள் 2011இல் விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. புலம்பெயர்ந்த ஊரில் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகும் பெற்றோர், ஊருக்கு வரும்போது ஒரு நாளை இதற்கும் ஒதுக்கலாம்.

தேடும் முறை எளிது. புயலுக்கோ பேரலைக்கோ பிறகு, கடல் வற்றும் நேரத்தில், அலை ஒதுக்கிய சரளைக் கற்களிடையே பார்க்க வேண்டும். ஈரத்தில் பல்லின் பூச்சு மின்னும். முக்கோண வடிவம், வழவழப்பான மேற்பகுதி, சொரசொரப்பான இரண்டு கால் வேர் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் சுறாப் பல்தான். களிமண் நிலத்தில் மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் சலித்தால் மில்லிமீட்டர் அளவுப் பற்களும் அகப்படும். கிடைத்ததை நல்ல தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவினால் போதும். அமிலம் படக் கூடாது. எடுத்த இடம், நாள், எந்த அடுக்கு என்ற விவரங்களை அன்றே சீட்டில் எழுதிப் பல்லோடு வைக்க வேண்டும். சீட்டில்லாத பல் ஆய்வுக்கு அநேகமாகப் பயன்படாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காக்களில், ஹெலன்ஸ்பர்க்கை ஒட்டிய ராயல் தேசியப் பூங்கா உட்பட, அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. விக்டோரியாவின் கடல் சரணாலயங்களுக்கும் இதே விதி. ஆஸ்திரேலியப் புதைபடிவங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை 1986ஆம் ஆண்டின் பண்பாட்டு மரபுப் பொருள் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களுக்குள்ளும் அனுமதி வாங்காமல் இறங்கக் கூடாது. குன்றின் சரிவைத் தோண்டுவது சட்டப்படி தவறு மட்டுமல்ல, மண் சரிந்தால் ஆளையே மூடிவிடும்.

மணலில் தனியாகக் கிடக்கும் பல்லை, விதி இடம் கொடுத்தால், எடுத்துக்கொள்ளலாம். ஒரே பாறையில் இரண்டு மூன்று பற்கள் பதிந்திருப்பதைக் கண்டால் மட்டும் உளியை எடுக்காதீர்கள். படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்கள்.