ஒரு நிலையம், மூன்று மின்னழுத்தங்கள்

மின்னழுத்தம் உயர உயர, கம்பியில் வீணாகும் ஆற்றல் குறையும். இது மாணவர் அறிந்ததே. அப்படியானால், 25,000 வோல்ட்டில் ஓடிய ஒரு ரயில் பாதையை 750 வோல்ட்டுக்கு இறக்கியது ஏன்?

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரின் புறநகர் நிலையம் சேல். 1849இல் திறக்கப்பட்டபோது நீராவி வண்டிகள் வந்தன. 1931இல் 1,500 வோல்ட் நேர்திசை மின்னோட்ட ரயில் வந்தது. நம் சென்னைக் கடற்கரை-தாம்பரம் பாதை மின்மயமானதும் அதே ஆண்டில், அதே அழுத்தத்தில்தான்!

1971இல் அது 25,000 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாறியது. அதே திறனுக்கு மின்னோட்டம் சுமார் 17இல் ஒரு பங்கு போதும். இழப்போ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே, அதே கம்பியில் இழப்பு ஏறத்தாழ 280இல் ஒரு பங்காகிவிடும்.

1992இல் இப்பாதை இலகு ரயில் பாதையாயிற்று. வண்டிகள் நகர மையத்தின் தெருக்களிலும் ஓடத் தொடங்கின. மக்கள் நடமாடும் தெருவில், கட்டடங்களை ஒட்டி, 25,000 வோல்ட் கம்பியைக் கட்டலாமா? சிறிய வண்டிக்குக் கனமான மின்மாற்றியும் வீண் சுமை. எனவே 750 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தைத் தேர்ந்தெடுத்தனர். குறைந்த அழுத்தத்தில் மின்னோட்டம் மிகும். அதனால் துணைமின் நிலையங்கள் நெருக்கமாக அமைய வேண்டும். அந்தச் செலவை ஏற்றனர்.

சூத்திரம் பொய்க்கவில்லை. அதில் இடம்பெறாத தெருவையும், அதில் நடப்போரையும் பொறியாளர்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டனர்.