ஆடுகளம் மூடப்பட்டபின்

சிக்காகோப் பல்கலைக்கழகம் 1939ஆம் ஆண்டு டிசெம்பரிலே தன் உதைபந்தாட்ட அணியைக் கலைத்தது. அமெரிக்கரின் உதைபந்தாட்டம் நம் மைதானங்களிற் காலால் ஆடப்படுவதன்று; முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி மோதியோடும் ஆட்டம் அது. கல்லூரி ஆட்டக்காரருள் தலைசிறந்தவனுக்கென ஏற்பட்ட ஹைஸ்மன் விருதை 1935இல் முதன்முதலாகப் பெற்றவனே அப்பல்கலைக்கழகத்து மாணவன்தான். இருந்தும், கலாசாலையின் பணி கல்வியே என வாதித்துவந்த தலைவர் ஹச்சின்ஸ் துணிந்து அதனை நிறுத்தினார். ஆட்டமிழந்து கிடந்த அம்மைதானத்தின் மேற்கு மேடையின் கீழேதான் 1942 டிசெம்பர் 2ஆம் நாள் பேர்மியின் குழுவினர் உலகின் முதலாவது கட்டுப்பாடான அணுத் தொடர்வினையை நிகழ்த்தினர். ஹச்சின்சைப் புகழ விழைவோர்க்கு இதனினும் வாய்ப்பான கதை கிடையாது.

1969இல் அங்கே உதைபந்தாட்டம் மீண்டும் வந்தது. ஆனால் 1939இல் முதலாண்டிற் பயின்ற ஆட்டக்காரன் அப்போது ஐம்பது வயதை நெருங்கியிருப்பான். பல்கலைக்கழகம் முப்பது ஆண்டு பொறுத்திருக்கும். மாணவனுக்கு அந்த வசதியில்லை.

அமெரிக்காவிலே விளையாட்டு கல்லூரி வாழ்வின் ஓரத்தில் நிற்பதன்று. புலமைப்பரிசிலும் அதனோடு பிணைந்தது. சர்வதேசப் போட்டிக்குரிய பயிற்சியும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலிலே இலங்கைக்குத் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று பயின்றவரே. ஆயினும் அந்த வழியிலே காலக்கெடு உண்டு. பெரும் பல்கலைக்கழகங்களிலே ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் மட்டுமே ஆடலாம் என்பது நெடுநாளாக நிலவிய விதி. கல்லூரி ஆட்டத்தை நிறுத்திவிட்டால் அவ்வெண்ணிக்கை நின்றுவிடாது.

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 2020 யூலை 8ஆம் நாள் தன் 36 விளையாட்டுக்களுள் 11இனை அடுத்த பருவத்தோடு கைவிடுவதாக அறிவித்தது. வாட்போர், படகோட்டம், மல்யுத்தம், ஆடவர் கரப்பந்தாட்டம், ஒத்திசைவு நீச்சல் முதலியன அப்பட்டியலில் இருந்தன. பாதிக்கப்பட்ட மாணவர் 240 பேருக்கு மேல். பெருந்தொற்றினால் முற்றிய நிதிக்குறைவே காரணம் எனப்பட்டது. அறக்கொடை நிதியாக 2,700 கோடி டொலருக்கு மேல் வைத்திருந்த நிறுவனம் இவ்வாறு சொல்லக் கேட்டவர்கள் வியந்ததில் வியப்பில்லை.

மாணவர் நிர்க்கதியாக விடப்பட்டனர் என்றும் சொல்லமுடியாது. புலமைப்பரிசில்கள் தொடரும் என்று பல்கலைக்கழகம் உறுதியளித்தது. தன் விளையாட்டை இழந்தவன் வேறு கல்லூரிக்கு மாறினால், ஓராண்டு காத்திராமல் உடனே ஆடலாம் என்று விதியும் இடமளித்தது. காகிதத்தில் இவை தாராளமான வழிகள். ஆனால் மூன்றாம் ஆண்டில் எந்திரவியல் பயிலும் ஒருவன் என் செய்வான்? அவன் முடித்த பாடங்கள் யாவற்றையும் புதிய கல்லூரி ஏற்குமென்பதில்லை. ஏற்றாலும் ஸ்ரான்போர்ட்டின் பட்டத்தைத் துறந்தே அவன் போகவேண்டும். முதலாண்டு மாணவனுக்கு இது எளிது. ஒத்திசைவு நீச்சல்காரிக்கோ அவ்விளையாட்டைப் பேணும் கல்லூரிகளே விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதன்மேலும், பெருந்தொற்றை முன்னிட்டு அப்பருவத்து வீரர்கள் அனைவர்க்கும் மேலதிகமாக ஓராண்டு வழங்கப்பட்டதால், வெளியேறவேண்டிய மூத்தோர் பலர் எல்லா இடங்களிலும் தங்கிவிட்டனர். வந்தவனுக்கு வாசல் திறந்திருந்தது, உள்ளே இருக்கை இல்லை.

கழக அணியாக ஆடலாமே என்பார் உளர். ஆடலாம், மாணவர் தம் பணத்திலே பயணஞ்செய்து, கிடைத்த நேரத்திற் பயின்று, ஆட்டத்தின் இன்பத்தை இழக்காமல் இருக்கலாம். அதை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆயினும் தேசிய வெற்றியை நோக்கிப் பன்னிரண்டு வயது முதலே உழைத்தவனுக்கு அது ஈடாகாது.

ஸ்ரான்போர்ட்டின் மல்யுத்த வீரர்கள் போகவில்லை. கடைசிப் பருவம் என்று அறிந்தே களத்தில் இறங்கினர். 2021 மார்ச்சில் நடந்த தேசியப் போட்டியிலே ஷேன் கிரிபித் என்ற மாணவன் 165 இறாத்தற் பிரிவில் முதலிடம் பெற்றான். அவன் அணிந்திருந்த கறுப்பு உடையிலே பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை. தன்னை வேண்டாமென்ற நிறுவனத்தின் பெயரைத் தாங்காமலே அதற்கு வெற்றி தேடிக்கொடுத்தான் அவன். பழைய மாணவர்கள் மல்யுத்தத்துக்கென்றே 1 கோடி டொலருக்கும் மேல் தருவதாக வாக்களித்தனர். மே மாதத்தில் மாணவர்கள் இரு வழக்குகள் தொடுத்தனர். அம்மாதம் 18ஆம் நாள் பல்கலைக்கழகம் 11 விளையாட்டுக்களையும் தொடர்வதாக அறிவித்தது. கிரிபித் அங்கேயே தொடர்ந்து ஆடினான்.

இதனைப் பார்த்துப் போராடினால் வெல்லலாம் என்று முடிவுகட்டுவது அவசரம். ஸ்ரான்போர்ட் மாணவர்க்குச் செல்வமும் செல்வாக்குமுள்ள முன்னோர் இருந்தனர். அயோவாப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. அதே 2020 ஓகஸ்டில் அது ஆடவர் நீச்சல், மகளிர் நீச்சல், ஆடவர் ஜிம்னாஸ்ரிக், ஆடவர் ரெனிஸ் ஆகிய நான்கையும் நிறுத்த முடிவுசெய்தது. வண்ணத்துப்பூச்சி நீச்சலின் இன்றைய வடிவம் 1930களிலே உருவானது அயோவாவில்தான். பயிற்சியாளர் ஆர்ம்புறஸ்ரரும் மாணவன் ஜக் சீக்கும் அதனை அங்கே வகுத்தனர்.

மாணவியர் நீதிமன்றத்தை நாடினர். மத்திய அரசின் பணம் பெறும் கல்விக்கூடம் பால்வேற்றுமை காட்டலாகாது என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் துணைநின்றது. அதற்கு முன்னோடியாக ஒரு வழக்கும் உண்டு. 1991இலே பிறவுண் பல்கலைக்கழகம் மகளிர் கரப்பந்தாட்டத்துக்கும் ஜிம்னாஸ்ரிக்குக்கும் நிதியை நிறுத்தியபோது ஏமி கோகன் முதலிய மாணவியர் தொடுத்த வழக்கு அது. பல்கலைக்கழகத்தின் இறுதி முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் மறுத்தது 1997இல். அதற்குள் கோகன் பட்டம்பெற்று ஐந்தாண்டுகள் கழிந்துவிட்டன. அவர் வென்றது பின்வந்தோர்க்காக.

அயோவாவிலே வேகமாக நடந்தது. 2020 டிசெம்பரில் நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2021 பெப்ரவரியில் மகளிர் நீச்சல் நிலைநிறுத்தப்பட்டது. வழக்கு முடிந்த விதத்தில் மகளிர் மல்யுத்தமும் அங்கே புதிதாகத் தோன்றிற்று. 2024இல் அவ்வணி தேசிய வெற்றிக் கிண்ணத்தையும் வென்றது. ஆடவர்க்கோ அச்சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. ஜிம்னாஸ்ரிக் வீரர்கள் மாறிச் செல்வதற்கு நாடு முழுவதிலும் ஏறத்தாழ பதினைந்து கல்லூரி அணிகளே இருந்தன. நீச்சல் வீரரிற் சிலர் வேறிடம் சென்றனர். சிலர் பட்டத்துக்காக அங்கேயே தங்கினர். அதே குளத்தில் மாணவியர் இன்றும் நீந்துகின்றனர். ஆடவர் அணி இல்லை.