கல்வெட்டு சொல்லாததை நாம் சொல்லலாமா?

"ராஜேந்திர சோழன் கடாரத்தை ஆண்டான். பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில்களை எழுப்பியவன் அவனே." ஓர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இப்படி எழுதினால், படிக்கும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். தேர்வாளரோ ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: சான்று எங்கே?

தேடிப் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி உள்ளது. கடல் கடந்து படை அனுப்பியதையும், கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததையும் அது கூறுகிறது. சுமார் 1025ஆம் ஆண்டில் நடந்த படையெடுப்புக்கு இது முக்கியச் சான்று. ஆனால், கடாரத்தில் கோயில் கட்டியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. மேலும், மெய்க்கீர்த்தி என்பது வென்றவரின் புகழுரை. யார், எப்போது, எதற்காக எழுதியது என்று கேட்காமல் எந்தச் சான்றையும் கையாளக்கூடாது.

கோயில்கள் இருப்பதாலேயே அவை சோழருடையவை ஆகிவிடுமா? செபராங் பிறையில் 1834இல் கிடைத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற இந்தியக் கப்பல் தலைவனைக் குறிப்பிடுகிறது. அதன் காலம் ஐந்தாம் நூற்றாண்டு. அதாவது, ராஜேந்திரனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்திய வணிகர்கள் இங்கு வந்து போயிருக்கிறார்கள். கோயிலுக்குப் படையெடுப்பு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

நமக்கு எதிராக நிற்கக்கூடிய சான்றையும் மறைக்கக்கூடாது. கடாரத்தை வென்று, அடிபணிந்த அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாக வீரராஜேந்திரனின் கல்வெட்டு சொல்கிறது. சோழரின் செல்வாக்கு தொடர்ந்தது என்பார்க்கு இது துணை. அதே வேளையில், திருப்பிக் கொடுத்த நாட்டை நேரடியாக ஆண்டார்கள் என்று வாதிடுவது கடினம். இரண்டையும் எடுத்து வைத்து, ஏன் ஒரு பக்கம் சாய்கிறோம் என்று விளக்குவதே வாதம்.

இப்போது முதல் வரியைத் திருத்துவோம்: "சோழர் படை கடாரத்தைத் தாக்கியது, அங்கு நேரடி ஆட்சி நடத்தியதை இச்சான்றுகள் நிறுவவில்லை, இந்தியத் தொடர்பு அதற்கும் முந்தியது." பெருமை குறைந்துவிடவில்லை. கூற்று உறுதியாகிவிட்டது.

ஆய்வேட்டில் ஒவ்வொரு கூற்றின் கீழும் விரலை வைத்து, "இதை எந்தச் சான்று தாங்குகிறது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கூற்றைச் சுருக்குங்கள். மிகைப்படுத்திய ஒரு வரி உடைந்தால், நம் வரலாற்றின் உண்மையான பகுதியையும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடுவார்கள்.