வாசற்படியில் நின்ற ஓர் ஆன்மா

மனித ஆன்மாவின் தேவைகளுள் வேரூன்றி நிற்பதே மிக முக்கியமானது, ஆயினும் அதுவே மிகக் குறைவாக உணரப்படுகின்றது என 1943 ஆம் ஆண்டு இலண்டனில் அமர்ந்து ஒரு பெண் எழுதினார். அவருக்கு அப்போது வயது முப்பத்து நான்கு. தாய்நாடாகிய பிரான்சு நாஸி ஜேர்மனியின் பிடியில் இருந்தது. பெற்றோர் நியூயோர்க்கில் இருந்தனர். பிறந்த யூத இனத்தோடு அவருக்கு ஒட்டுதல் இல்லை. மனதார நேசித்த கத்தோலிக்கத் திருச்சபையிலோ அவர் சேரவில்லை. வேர்களைப் பற்றி நம் காலத்தில் எழுதப்பட்ட நூல்களுள் மிக ஆழமான ஒன்றை, வேரற்று நின்ற ஒருவரே எழுதினார்.

அவர் பெயர் சிமோன் வேய். 1909 ஆம் ஆண்டு பெப்ரவரி 3 ஆம் திகதி பாரிசில், சமயப் பற்றற்ற யூத வைத்தியர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். அவரது தமையனார் அந்திரே உலகறிந்த கணித மேதை. சிமோன் மெய்யியல் கற்று ஆசிரியையானார். மனிதத் துன்பத்தை நூலகத்தில் இருந்துகொண்டு ஆராயும் மெய்யியலாளர் பலர் உண்டு. இவரோ 1934 டிசெம்பரில் ஆசிரியப் பணியிலிருந்து விடுப்புப் பெற்று, தொழிற்சாலையில் கூலிப் பெண்ணாக நுழைந்தார். அல்ஸ்தொம், ரெனோ முதலிய ஆலைகளில் இயந்திரங்களின் முன் நின்று, செய்த உருப்படிகளின் எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெற்றார். ஓயாத தலைவலி அவரை வாட்டியது. அங்கே அவர் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு. துன்பம் வேறு, மனிதனை நொறுக்கும் இழிதுயர் வேறு. முன்னையது உடலையோ மனத்தையோ வருத்தும். பின்னையதோ உடலையும் மனத்தையும் ஒருங்கே வருத்தி, சமூகத்திலும் ஒருவனை ஒன்றுமில்லாதவனாக்கிவிடும். யோபுவின் குமுறலும், தந்தையால் கைவிடப்பட்டதாகச் சிலுவையில் இயேசு எழுப்பிய கூக்குரலும் இந்த இரண்டாவது ஆழத்திலிருந்து எழுந்தவை என அவர் கருதினார்.

ஆலையை விட்டு வெளியேறிய பின்னர், 1935 இல் பெற்றோர் அவரைப் போர்த்துக்கல்லுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே ஒரு மீனவக் கிராமத்தில் பாதுகாவலரின் திருவிழா இரவு. மீனவரின் மனைவியர் மெழுகுதிரிகளை ஏந்தி, படகுகளைச் சுற்றி வலம் வந்து, நெஞ்சைப் பிழியும் பழம்பாடல்களைப் பாடினர். கிறிஸ்தவம் அடிமைகளுக்கே உரிய மதம், தானும் அவர்களுள் ஒருத்தி என்ற உணர்வு அவ்வேளை அவரை ஆட்கொண்டது. பாசையூரிலும் பேசாலையிலும் கடலை நம்பி வாழும் நம்மவருக்கு அந்தக் காட்சி அந்நியமானதன்று.

1937 இல் அசிசி நகரில், புனித பிரான்சிஸ்கு செபித்த சிற்றாலயத்தில், வாழ்வில் முதன்முறையாக அவர் முழந்தாளிட்டார். அடுத்த ஆண்டு புனித வாரத்தைப் பிரான்சின் சொலெம் ஆசீர்வாதப்பர் மடத்தில் கழித்தார். தலைவலி உச்சத்தில் இருந்தபோதும் கிரகோரியன் இசையில் கிறிஸ்துவின் பாடுகள் அவருள் நுழைந்தன. அங்கே சந்தித்த ஆங்கிலேய இளைஞர் ஒருவர், பதினேழாம் நூற்றாண்டின் அங்கிலிக்கன் குருவும் கவிஞருமான ஜோர்ஜ் ஹேர்பேட்டின் காலத்துக் கவிஞர்களை அவருக்கு அறிமுகப்படுத்தினார். ஹேர்பேட்டின் 'அன்பு' என்னும் கவிதையில், தகுதியற்றவன் என்று பின்வாங்கும் விருந்தாளியை அன்பாகிய ஆண்டவர் வற்புறுத்திப் பந்தியில் அமர்த்துகின்றார். தலைவலியின்போதெல்லாம் அதை மனப்பாடமாகச் சொல்வது சிமோனின் வழக்கமாயிற்று. அழகிய கவிதை ஒன்றைச் சொல்வதாகவே எண்ணினார். அது செபமாக மாறியதை அறியவில்லை. அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்த ஒரு பொழுதில் கிறிஸ்துவே தம்மை ஆட்கொண்டார் எனப் பின்னர் எழுதினார். இலக்கியம் பொழுதுபோக்கு என்று நினைப்போர் இதைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

போர் வந்தது. மார்செய் நகரில், கண்பார்வை பெரிதும் குன்றிய டொமினிக்கன் சபைக் குரு அருட்தந்தை பெரன் அவருக்கு ஆன்மீக நண்பரானார். 1941 இல் திராட்சை அறுவடையில் கூலி வேலை செய்தபோது, ஆண்டவர் கற்பித்த செபத்தைக் கிரேக்க மொழியில் நாள்தோறும் முழுக் கவனத்தோடு சொன்னார். கவனம் சிதறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். கவனமே செபத்தின் உயிர் என்பது அவர் கண்ட முடிவு. பாடசாலைக் கல்வி பற்றி அவர் அருட்தந்தைக்கு எழுதிய கட்டுரையைப் பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு தாயும் தந்தையும் படித்தல் நன்று. கேத்திர கணித வினாவொன்றோடு ஒரு மாணவன் உண்மையாகப் போராடி, விடை காணாமல் விட்டாலும் அந்த முயற்சி வீணாவதில்லை. என்றோ ஒருநாள் அவன் செபிக்கும்போது அதன் பலன் தெரியும் என்கிறார். துயருற்ற அயலவனைப் பார்த்து, உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கும் ஆற்றலும் அதே கவனத்திலிருந்தே பிறக்கின்றது.

ஆனாலும் அவர் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. திருச்சபைக்கு வெளியே நிற்கும் எண்ணற்றோரை விட்டுத் தாம் மட்டும் உள்ளே செல்ல மனம் ஒப்பவில்லை என்றார். ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற பெருமிதம் உண்மையை மறைத்துவிடும் என்றும் அஞ்சினார். இந்த நியாயத்தை நாம் முழுமையாக ஏற்கவேண்டியதில்லை. அருளடையாளம் தகுதிக்குக் கிடைக்கும் பரிசன்று. ஹேர்பேட்டின் கவிதையே அதைத்தான் சொல்கின்றது. பழைய ஏற்பாட்டையும் தம் முன்னோரின் விசுவாசத்தையும் அவர் மிகக் கடுமையாகவே மதிப்பிட்டார். வேர்களைப் போற்றியவர் தம் சொந்த வேரைக் காண மறுத்தது பெருங்குறையே. யூதராய்ப் பிறந்து, மெய்யியல் கற்று, 1922 இல் திருமுழுக்குப் பெற்ற எடித் ஸ்டைன் தம் மக்களை ஒருபோதும் துறக்கவில்லை. 1942 ஆகஸ்டில் அவுஷ்விற்சில் அவர்களோடே மாண்டார். 1998 இல் புனிதரானார்.

1942 இறுதியில் இலண்டன் சேர்ந்த சிமோன், சுதந்திரப் பிரான்சு அமைப்பின் பணிக்காகவே வேரூன்றல் பற்றிய நூலை எழுதினார். உரிமைகளுக்கு முன்னே கடமைகளை வைக்கும் நூல் அது. வேர் பிடுங்கப்பட்டவன் பிறருடைய வேரையும் பிடுங்குவான் என்று எச்சரித்து, ஜேர்மனியை மட்டுமன்றி, குடியேற்ற நாடுகளில் தம் சொந்த நாடு செய்ததையும் கண்டித்தார். நமக்கு இதற்கு விரிவுரை வேண்டியதில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், ஐந்து ஆண்டுகளின் பின் அதே ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கால்நடையாகப் புறப்பட்ட நம் மக்களும் அறிந்த உண்மை அது. முன்னைய வேரறுப்பை நம்முள் எத்தனை பேர் நம் செபங்களில் நினைத்தோம்?

காசநோய் அவரைப் பற்றியது. பிரான்சில் உள்ளவர்களுக்குக் கிடைப்பதாகத் தாம் எண்ணிய பங்கீட்டு உணவுக்கு மேல் உண்ண மறுத்தார். திருச்சபை இதை முன்மாதிரியாகக் காட்டாது. உயிர் இறைவனின் கொடை. ஆனால் தட்டில் உணவை வைத்துக்கொண்டு இல்லாதவரை நினைத்த அந்த நெஞ்சை எளிதில் தீர்ப்பிடவும் முடியாது. 1943 ஆகஸ்ட் 24 ஆம் திகதி ஆஷ்போட் நகரச் சுகநிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அவரது நூல்கள் அதன் பின்னரே வெளிவந்தன. வேரூன்றல் பற்றிய நூலை 1949 இல் தம் பதிப்பு வரிசையில் வெளியிட்டவர், கடவுளை நம்பாத எழுத்தாளர் அல்பேர் கமு. ஆண்டவருக்காகக் காத்திருத்தல் பற்றிய கடிதங்களை அடுத்த ஆண்டு வெளியிட்டவர் அருட்தந்தை பெரன். திருச்சபைக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக அவரது குரலைக் காத்தனர்.

அடக்கத்தின்போது ஒரு சிலரே கூடியிருந்தனர். அழைக்கப்பட்டிருந்த குருவானவர் புகையிரதத்தைத் தவறவிட்டார். ஆகவே அவரது நண்பர் மொரிஸ் ஷூமன் செபநூலைத் திறந்து, இறந்தோருக்கான மன்றாட்டுகளைத் தாமே வாசித்தார்.