எட்டு ஆயுதம், ஒரு நடனம், தேங்காய்ச் சிரட்டைக் கடிகாரம்! தாய்லாந்து குத்துச்சண்டை: உங்களுக்குத் தெரியுமா?

குத்துச்சண்டைக்கு இரண்டு கை போதும் என்று நினைக்கிறீர்களா? தாய்லாந்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்! அவர்களுடைய ‘முவாய் தாய்’ சண்டையில் முஷ்டி 2, முழங்கை 2, முழங்கால் 2, கால் 2. ஆக மொத்தம் 8 ஆயுதங்கள்!

உதை விழுவது பாதத்தால் என்று எண்ணிவிடாதீர்கள். கணைக்கால் எலும்பால்! எதிராளி அதைத் தடுப்பதும் கணைக்கால் எலும்பால்தான். எலும்போடு எலும்பு மோதும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும்!

ஒரு போட்டிக்கு 5 சுற்று. சுற்றுக்கு 3 நிமிடம். நடுவில் 2 நிமிட ஓய்வு. சாதாரண குத்துச்சண்டையில் கிடைக்கும் ஓய்வைப் போல இது இரண்டு மடங்கு!

சண்டைக்கு முன்னே...

மணி அடித்ததும் சண்டை என்று காத்திருக்காதீர்கள். முதலில் நடனம்! குருவையும் பெற்றோரையும் வணங்கி வீரர் மேடையிலேயே ஆடுவார். ‘வாய் க்ரூ ராம் முவாய்’ என்று பெயர். இந்த வணக்கம் இல்லாமல் சண்டை தொடங்காது!

2023 பிப்ரவரி 6. தாய்லாந்தின் ஹுவா ஹின் நகரம். இந்த வணக்க நடனத்தை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். எத்தனை பேர் தெரியுமா? 3,660 பேர்!

தலையில் ஒரு வளையம் கட்டியிருப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? அதுதான் ‘மொங்கோன்’. அது தரையில் படவே கூடாது! நடனம் முடிந்ததும் அதைக் கழற்றுவது வீரர் இல்லை, அவருடைய பயிற்சியாளர்!

கையில் கட்டும் பட்டைக்குப் பெயர் ‘ப்ரஜியத்’. அந்தக் காலத்தில் அதை எதில் செய்தார்கள் தெரியுமா? அம்மா கட்டிய துணியில் கிழித்த ஒரு துண்டில்! மொங்கோனைக் கழற்றிவிடுவார்கள். இதைக் கழற்ற மாட்டார்கள். சண்டை முடியும் வரை கையிலேயே இருக்கும்!

வீரர் கயிற்றைப் பிடித்தபடி மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். நான்கு மூலையிலும் நின்று வணங்குவார். கெட்ட சக்திகள் உள்ளே நுழையாமல் மேடைக்குக் காப்புப் போடுகிறாராம்!

ஆண்கள் கயிற்றுக்கு மேலே தாண்டித்தான் மேடைக்குள் வருவார்கள். தலைக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது! பெண்களுக்கோ பழைய வழக்கம் நேர் எதிர். அடிக் கயிற்றுக்குக் கீழே புகுந்து வர வேண்டும்!

சண்டைக்குப் பின்னணி இசை உண்டு. ஒலிநாடா கிடையாது, நேரடிக் கச்சேரி! சீவாளி வைத்து ஊதும் ஒரு குழல், இரண்டு மத்தளம், ஒரு ஜோடி சிறு தாளம். சண்டை சூடு பிடிக்கப் பிடிக்க இசையும் வேகம் எடுக்கும். கடைசிச் சுற்றில் வாசிப்பவருக்கும் மூச்சு வாங்கும்!

அனுமன் குத்து, ராமன் அம்பு!

இதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். முவாய் தாய் பாடத்தில் ராமாயணம் இருக்கிறது! தாய்லாந்தின் ராமாயணமான ‘ராமகியன்’ கதையிலிருந்து அடிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

இரண்டு முஷ்டியையும் சேர்த்துக் கீழிருந்து மோவாயில் ஒரு குத்து. அதன் பெயர் ‘அனுமன் கணையாழி கொடுத்தல்’! சீதை கணையாழி வாங்கினாள். இங்கே வாங்குபவருக்குப் பல் மிஞ்சினால் அதிர்ஷ்டம்!

எதிராளியை அலாக்காகத் தூக்கிப் போட்டால்? ‘அரக்கன் சீதையைத் தூக்கிச் செல்லுதல்’!

சுழன்று திரும்பி முழங்கையால் ஓங்கி ஓர் அடி. அதற்கு ‘இரணியன் பூமியைச் சுருட்டுதல்’ என்று பெயர். பூமியைப் பாயாகச் சுருட்டிய அதே இரணியாட்சன்தான்!

உதைக்க வந்த காலைப் பிடித்துக்கொண்டு தொடையில் முழங்கையால் இடித்தால் அது ‘யானையின் துதிக்கையை ஒடித்தல்’. மோவாய்க்குக் கீழிருந்து மேலே குத்தினால் அது ‘மேரு மலையைத் தூக்குதல்’!

முதுகைக் காட்டிச் சுழன்று குதிகாலால் உதைப்பது ‘முதலை வாலடி’. காலை வாரி விடுவதற்கு என்ன பெயர் தெரியுமா? ‘கிழத் துறவி தரை பெருக்குதல்’! பெயரைக் கேட்டால் சாது. விழுந்து பார்த்தால் தெரியும்!

இப்படி முதன்மை அடிமுறைகள் 15. துணை அடிமுறைகள் 15. மொத்தம் 30!

வணக்க நடனத்திலும் ராமன் வருகிறார்! வீரர் வில்லை வளைப்பார். அம்பு விடுவார். கண்ணுக்கு மேல் கையை வைத்து, இலக்கில் பட்டதா என்று எட்டிப் பார்ப்பார். எதிராளி எதிர் மூலையில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார்!

ராஜா வேஷம் மாறிய கதை

18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவை ஆண்டவர் ‘புலி ராஜா’. இவர் செய்த வேலையைக் கேளுங்கள். மாறுவேடம் போட்டுக்கொண்டு கிராமத் திருவிழாவுக்குப் போய், உள்ளூர் மல்லர்களோடு சண்டை போட்டாராம்! அடித்தது ராஜா என்று அடி வாங்கியவருக்கே தெரியாது! பிப்ரவரி 6 முவாய் தாய் நாளாகக் கொண்டாடப்படுவது இந்த ராஜாவின் நினைவாகத்தான்!

1767-ல் அயுத்தயா பர்மியப் படையிடம் வீழ்ந்தது. சிறைப்பட்டவர்களில் ஒருவர் குத்துச்சண்டை வீரர் நாய் கனோம் தோம். 1774-ல் பர்மிய மன்னர் முன்னிலையில் சண்டை. முதல் ஆளைச் சாய்த்தார். “உன் நடனத்தைப் பார்த்து அவன் மயங்கிவிட்டான், இது செல்லாது” என்றார்களாம். அசரவில்லை மனிதர். இடையில் ஓய்வே இல்லாமல் மேலும் 9 பேரைச் சாய்த்தார் என்கிறது கதை!

பரிசாக என்ன கேட்டார்? பொன்னா, பெண்ணா என்றாராம் மன்னர். பெண் என்றாராம் இவர். விடுதலையோடு இரண்டு மனைவியரும் கிடைத்தார்கள்! மார்ச் 17 இன்றும் நாய் கனோம் தோம் நாள்!

1788-ல் இரண்டு பிரெஞ்சுச் சகோதரர்கள் பாங்காக்கில் வந்து இறங்கிச் சவால் விட்டார்கள். முதலாம் ராமா மன்னர் முவென் ப்ளான் என்பவரைக் களம் இறக்கினார். தம்பி தோற்பதைப் பார்த்த அண்ணனும் உள்ளே குதித்தார். பந்தயத் தொகை 50 சாங். அன்றைய காசில் 4,000 பாட்! பிறகு சகோதரர்கள் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை!

கையுறைக்கு முன்பு கயிறு

முன்பெல்லாம் கையுறை கிடையாது. முழங்கை வரை முறுக்குக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு குத்துவார்கள்! அப்படி நடந்த ஒரு சண்டையில் ஓர் உயிர் போனது. அதன் பிறகுதான் 1920-களின் இறுதியில் கையுறை வந்தது!

கடிகாரமும் கிடையாது. ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். சிரட்டை மூழ்கினால் சுற்று முடிந்தது! பின்னுகிறவருக்குச் சிரட்டை சீக்கிரம் மூழ்கியதே என்ற வருத்தம். அடி வாங்குகிறவருக்கு இன்னும் மூழ்கவில்லையே என்ற வருத்தம்!

ஊருக்கு ஒரு பாணி. குத்துக்குக் கோராட். தந்திரத்துக்கு லோப்புரி. நிலைக்குச் சையா. வேகத்துக்குத் தா சாவ். நான்கும் ஒரே நாட்டில்!

மார்க் எதற்கு?

பாரம்பரிய அரங்குகளில் குத்தை விட உதைக்கும் முழங்கால் இடிக்கும்தான் மதிப்பு அதிகம்! உதை வாங்கித் தள்ளாடினால் போச்சு. நிலை குலையாமல் நிற்பதற்கும் மதிப்பெண் உண்டு!

சாதாரண குத்துச்சண்டையில் இருவரும் கட்டிப் பிடித்தால் நடுவர் ஓடி வந்து பிரித்துவிடுவார். இங்கே கட்டிப் பிடித்த பிறகுதான் கச்சேரியே! கழுத்தைப் பூட்டு போட்டு வளைத்து, முழங்காலால் இடி, இடி, இடி!

பாதத்தால் தள்ளி உதைப்பதற்கு ‘தீப்’ என்று பெயர். அதை முகத்தில் வைத்தால்? வலி குறைவு, அவமானம் அதிகம்! தாய்லாந்தில் பாதம்தான் உடம்பிலேயே தாழ்ந்த உறுப்பு!

முதல் இரண்டு சுற்றில் தூங்கி வழிகிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஒருவரை ஒருவர் எடை போடுகிறார்கள். 3-வது, 4-வது சுற்றுகளில்தான் பூகம்பம்! 5-வதில் ஜெயித்துவிட்டதாகத் தெரிந்தவர் ஹாயாகப் பின்வாங்கி நடை போடுவார்!

தாய்லாந்தில் சூதாட்டத்துக்குக் கடும் கட்டுப்பாடு. ஆனால் சில அரங்குகளுக்குள்ளே பந்தயம் கட்டலாம்! சீட்டு இல்லை, ரசீது இல்லை. கூச்சலும் விரல் சைகையும்தான் பேரம்!

இரண்டு கோயில்கள்

முவாய் தாய்க்குப் பாங்காக்கில் இரண்டு கோயில்கள். ராஜடாம்னெர்ன் அரங்கு 1945 டிசம்பர் 23-ல் திறந்தது. லும்பினி அரங்கு 1956 டிசம்பர் 8-ல் திறந்தது. லும்பினியை நடத்துவது யார் தெரியுமா? தாய்லாந்து ராணுவம்!

லும்பினி மேடையைப் பெண்கள் தொடவே கூடாது என்று தடை இருந்தது. அந்தத் தடை உடைந்தது எப்போது? 2021 நவம்பரில்! அரங்கு திறந்து 65 ஆண்டு கழித்து!

சாதனைச் சிங்கங்கள்

வீரர்களின் பெயருக்குப் பின்னால் வருவது அப்பா பெயர் இல்லை. பயிற்சிக்கூடத்தின் பெயர்! கூடம் மாறினால் பெயரும் மாறும்!

டீசல்நோய். உயரம் 188 செ.மீ., எடைப் பிரிவோ சுமார் 61 கிலோ! முழங்கால் இடியில் இவரை மிஞ்ச ஆள் இல்லை. லும்பினி பட்டத்தை 1981-ல் பிடித்தார். கடைசியில் எதிர்த்து நிற்க ஆளே கிடைக்காமல் பட்டத்தை விட்டு இறங்கினார்!

சமார்ட் பயாக்கரூன். லும்பினியில் 4 எடைப் பிரிவுகளில் சாம்பியன். போதாது என்று 1986-ல் குத்துச்சண்டை உலகப் பட்டத்தையும் அள்ளினார். அதுவும் போதாது என்று பாடகர், நடிகர்!

சென்சாக் முவாங்சுரின் முவாய் தாயிலிருந்து குத்துச்சண்டைக்குத் தாவினார். 1975-ல் உலக சாம்பியன் ஆனார். அது அவருக்கு எத்தனையாவது தொழில்முறைக் குத்துச்சண்டை தெரியுமா? மூன்றாவது!

காவோசாய் கேலக்ஸியும் முவாய் தாய் மண்ணில் முளைத்தவரே. குத்துச்சண்டை உலகப் பட்டத்தை 19 முறை தக்கவைத்தார்!

நோங் தூம் முகத்தில் ஒப்பனையோடு மேடை ஏறினார். எதிராளியைச் சாய்த்துவிட்டு முத்தமும் கொடுத்தார்! சண்டையில் சம்பாதித்த பணத்தில் பெண்ணாக மாறும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இவர் கதை 2003-ல் சினிமாவாகவே வந்துவிட்டது!

பக்கத்து நாட்டுப் பங்காளிகள்

பர்மாவின் ‘லெத்வே’ இன்னும் பயங்கரம். கையுறை கிடையாது. தலையாலும் முட்டலாம்! ஆக அங்கே ஆயுதம் 9! மயங்கி விழுந்தால் 2 நிமிடம் ஓய்வு கேட்டு, தெளிந்து எழுந்து, மறுபடி சண்டை போடலாம்!

2023-ல் கம்போடியாவில் தென்கிழக்கு ஆசிய விளையாட்டு. முவாய் என்ற பெயரை எடுத்துவிட்டு ‘குன் க்மேர்’ என்று வைத்தார்கள். தாய்லாந்து என்ன செய்தது? அந்தப் போட்டிக்கு ஓர் ஆளைக் கூட அனுப்பவில்லை!

2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி முவாய் தாய்க்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. ஆனால் ஒலிம்பிக் பதக்கப் போட்டிகளில் இன்னும் இடம் இல்லை!

பாங்காக் போகப் போகிறீர்களா? ராஜடாம்னெர்னில் ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள். முக்கியச் சண்டை கடைசியில்தானே என்று தாமதமாகப் போகாதீர்கள். பாரம்பரிய வரிசையில் அது நடுவிலேயே வந்துவிடும்!