சூனிய சம்பாஷணையும் அசையும் சித்திரமும்

ஞானம் பேசுவோர் அமைதியான இடத்தை நாடுவர் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். ஆலமரத்தடி, ஆற்றங்கரை, ஆசிரமத் திண்ணை ஆகியவையே அத்தகைய உரையாடலுக்கு உரிய இடங்கள் எனக் கருதுகிறோம். இதற்கு நேர்மாறாக, எழுந்து நடமாடும் பிணங்கள் ஊரைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்க, அவற்றைச் சுட்டு வீழ்த்திக்கொண்டே ஒருவர் போதைப் பொருள்களின் தன்மையைப் பற்றியும் தியானத்தைப் பற்றியும் நிதானமாக உரையாடுகிறார் என்றால் எவ்வாறிருக்கும்? முடிவில் பேசுவோரும் கடிபட்டுப் பிணங்களாகி விடுகின்றனர். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

‘தி மிட்நைட் காஸ்பல்’ என்னும் அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் முதற்பகுதி இவ்வாறு அமைந்தது. ‘நள்ளிரவுச் சுவிசேஷம்’ எனத் தமிழில் கூறலாம். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. மொத்தம் 8 பகுதிகளே வந்தன. தொடர் நீடிக்காது என்ற செய்தி 2022இல் வெளியாயிற்று. பெங்களூர் அல்சூரில் எங்கள் இல்லத்தில், கல்லூரியில் பயிலும் என் மகள் இதைக் கண்டுகொண்டிருந்தபொழுது, நான் முதலில் திரையைப் பார்த்து முகம் சுளித்தேன். பின்னர்ச் செவிமடுத்தேன். அதன் பின்பே அமர்ந்தேன்.

இத்தொடர் உருவான முறை வானொலியோடு தொடர்புடைய நமக்கு மிகவும் சுவை பயப்பதாகும். பொதுவாகக் கார்ட்டூன் படத்துக்கு முதலில் கதை எழுதுவர். அதற்கேற்ப நடிகர் குரல் கொடுப்பர். பின்னர்ச் சித்திரம் வரைவர். இங்கோ, உரையாடல் பல ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்து முடிந்திருந்தது. டங்கன் டிரஸ்ஸல் என்னும் நகைச்சுவைக் கலைஞர் இணையத்தில் ஓர் ஒலித்தொடர் நடத்தி வந்தார். மருத்துவர், எழுத்தாளர், தியான ஆசிரியர் முதலியோரை அழைத்து, மரணம், மன்னிப்பு, மந்திரம், இறைநாட்டம் எனப் பலவற்றைப் பற்றி எவ்வித ஒத்திகையுமின்றிப் பேசுவார். ‘அட்வென்சர் டைம்’ என்ற தொடரால் புகழ்பெற்ற பெண்டில்டன் வார்டு அவ்வொலிப்பதிவுகளைப் படமாக்க விழைந்தார். பேச்சிலிருந்து வேண்டிய பகுதிகளைத் துண்டித்துக் கோத்து, இடையிடையே புதிய வசனம் சிறிது சேர்த்து, அதன்மேல் சித்திரம் வரைந்தனர். கிளான்சி என்னும் இளைஞன் ஒரு மாய இயந்திரத்தின் வழியே அழியும் உலகங்களுக்குச் சென்று, அங்குள்ளோரைப் பேட்டி காண்பதாக ஒரு சட்டகம் அமைத்தனர். அவ்வளவே கதை.

பேச்சுக்கும் படத்துக்கும் நேரடித் தொடர்பு பெரும்பாலும் இல்லை. இது குறையன்றோ என வினவலாம். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் நாம் ஒரு பொருளைக் கேட்கும்பொழுது நம் கண்ணும் மனமும் என்ன செய்கின்றன? வானொலியில் சொற்பொழிவு கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்த அன்னையரை நாம் அறிவோம். கைக்கும் கண்ணுக்கும் வேலையொன்று கிடைத்துவிட்டால் செவி கட்டுக்கடங்கி நிற்கிறது. இத்தொடரில் திரை அந்தக் கீரைக் கட்டின் பணியைச் செய்கிறது. சிற்சில இடங்களில் அதற்கு மேலும் செய்கிறது. ஐந்தாம் பகுதியில் ஒரு கைதி சிறையிலிருந்து தப்ப முயன்று மடிகிறான், மீண்டும் அதே நாளில் விழிக்கிறான், மீண்டும் மடிகிறான். அவனுடைய ஆன்மா ஒரு பறவை வடிவில் உடனிருந்து, இறப்புக்கும் மறுபிறப்புக்கும் இடைப்பட்ட நிலையைப் பற்றித் திபெத்தியர் கொண்டுள்ள கொள்கையை விளக்குகிறது. இங்கே சொல்லும் சித்திரமும் ஒன்றுக்கொன்று உரை கூறுகின்றன. எல்லாப் பகுதிகளும் இவ்வாறு பொருந்தவில்லை. சிலவற்றில் இரத்தப் பெருக்கு பேச்சையே மூழ்கடித்துவிடுகிறது. சிறுவருக்கு உரிய தொடர் அன்று என்பதையும் கூறிவிட வேண்டும்.

புதுமை எனச் சொல்லப்படும் இக்கலவை நமக்குப் புதிதன்று. திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தைப் புரட்டுவோர் அங்கே ‘சூனிய சம்பாஷணை’ என்ற தலைப்பைக் காண்பர். ஒன்றை விதைக்க வேறொன்று முளைப்பதும், விலங்கும் பறவையும் நடவாதன நடத்துவதுமாக, கனவில் கண்டாற்போன்ற காட்சிகளே அப்பாடல்களில் நிறைந்துள்ளன. உரையாசிரியர் துணையின்றி அவற்றுள் நுழைதல் அரிது. படித்தவுடன் சிரிப்பு வரும். சிரித்து முடித்தபின் ஐயம் வரும். ஐயத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே செல்ல வேண்டும் என்பதே அவற்றின் ஏற்பாடு.

நாம் குடியேறியிருக்கும் கன்னட நாட்டிலோ ஏறக்குறைய அதே பெயரில் ஒரு பெருநூலே உண்டு. ‘சூன்ய சம்பாதனை’ என்பது அது. சூனியத்தை ஈட்டுதல் என்பது பெயரின் பொருள். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்லம பிரபு, பசவண்ணர், அக்கமகாதேவி முதலிய சரணர்களின் வசனங்களை, 15ஆம் நூற்றாண்டில் சிவகணப்பிரசாதி மகாதேவய்யா என்பார் திரட்டி, அவர்கள் கலியாண நகரின் அனுபவ மண்டபத்தில் எதிரெதிர் அமர்ந்து உரையாடுவதுபோல் அமைத்தார். பின்னர் வேறு மூவர் அதனை விரித்தும் மாற்றியும் தொகுத்தனர். தனித்தனியே கூறப்பட்டவற்றை எடுத்து, இணைப்புரை சேர்த்து, நாடகமாக்கிய செயல் அது. அமெரிக்கச் சித்திரக்காரர் செய்ததும் ஏறத்தாழ இதுவேயன்றோ? அல்லமருடைய ‘பெடகின வசனங்கள்’ எனப்படும் விடுகதை வசனங்களில் வரும் உருவங்களை ஓவியர் ஒருவர் வரையப் புகுந்தால், நெட்ஃபிளிக்ஸ் தொடர் அடக்கமானதாகத் தோன்றும். கன்னடம் கற்க அஞ்சும் நம்மவருக்கு ஒரு செய்தி: தார்வாட்டிலுள்ள கர்நாடகப் பல்கலைக்கழகம் 1965 முதல் இந்நூலை 5 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது.

அசையும் உருவமும் வேண்டுமெனில் பாலக்காட்டுப் பக்கம் செல்ல வேண்டும். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பத்திரகாளி கோயில்களில் தோல்பாவைக் கூத்து நிகழ்கிறது. கூத்து மாடத்தில் வெண்திரை கட்டி, அதன் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் ஏற்றி, தோற்பாவைகளின் நிழலை விழச் செய்வர். பாடப்பெறுவது கம்பராமாயணம், பாடுவோரின் தாய்மொழி மலையாளம். பாட்டைப் பாடியபின் திரைக்குப் பின்னிருக்கும் புலவர்கள் ஒருவரையொருவர் வினவியும் விடையிறுத்தும் பொருள் விரிப்பர். இலக்கணம், தத்துவம், புராணம் என அப்பேச்சு எங்கெங்கோ சென்று திரும்பும். அவ்வளவு நேரமும் திரையிலுள்ள நிழல் அப்படியே நின்றிருக்கும். பல இரவுகளில் எதிரே மனிதர் எவரும் இரார். தாருகனோடு போர் புரிந்தமையால் இராவண வதத்தைக் காணத் தவறிய பத்திரகாளிக்காகவே கூத்து நடைபெறுகிறது என்பது ஐதிகம். அவள் கேட்கிறாள் என்ற உறுதியில் விடியும்வரை பேசுகின்றனர். தமிழகத்துக்கு வெளியே தமிழ் இவ்வாறும் வாழ்கிறது என்பதை வெளிமாநிலத் தமிழராகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன் ஆதலின், கேட்டதையெல்லாம் மனத்துக்குள் தமிழாக்குவது என் பழக்கம். அத்தொடரில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்னும் சொல் வந்தபோது தடுக்கி விழுந்தேன். பாலி மொழியிலுள்ள ‘சதி’ என்பதற்கு ரைஸ் டேவிட்ஸ் என்னும் அறிஞர் 1881இல் இட்ட ஆங்கிலச் சொல் அது. மூலத்தையே வைத்துக்கொள்ளலாமெனில், ‘சதியில் நிலைத்திருங்கள்’ என்று தமிழில் எழுதினால் காவல்துறை வந்துவிடும். ‘விழிப்புணர்வு’ என்றாலோ, சாலைப் பாதுகாப்பு வாரச் சுவரொட்டி நினைவுக்கு வருகிறது. பௌத்தத்தின் எண்வழியைத் தமிழில் கூறும் நூல்களில் இதற்கு ‘நற்கடைப்பிடி’ என்ற அருமையான சொல் உண்டு. இன்று அதனைக் கேட்பவர் எதைக் கடைப்பிடிப்பது என்று திருப்பிக் கேட்பர். நம் கீழ்த்திசைக் கருத்து கடல் கடந்து, ஆங்கில உடை உடுத்து, கார்ட்டூன் வேடம் பூண்டு வீடு திரும்பும்பொழுது, அதற்குக் கதவு திறந்துவிட நம்மிடமே சொல் இல்லாமல் தவிக்கிறோம்.

இறுதிப் பகுதியில் எனக்கு மொழிபெயர்ப்பு மறந்து போயிற்று. அதில் பேட்டியளிப்பவர் டிரஸ்ஸலின் தாயார் டெனீன் ஃபெண்டிக்; உளவியல் பயின்றவர். புற்றுநோயால் 2013இல் மறைந்தார். மறைவுக்குச் சில வாரங்களுக்கு முன் மகனோடு பேசிய பேச்சே அங்கு ஒலிக்கிறது. சித்திரத்தில் தாய் குழந்தையை ஈன்றெடுக்கிறாள்; குழந்தை வளர, தாய் முதுமை எய்துகிறாள்; பிறகு மகன் தாயைப் பெற்றெடுக்கிறான். இருவரும் கோள்களாகி விண்ணில் மிதக்கின்றனர். குரலில் மட்டும் ஒரு விசித்திரமும் இல்லை. இந்தத் துயரை என்ன செய்வது என்று மகன் கேட்கிறான். அழத்தான் வேண்டும் என்ற பொருளில் தாய் விடை கூறுகிறாள். முன்னைய ஏழு பகுதிகளின் ஆரவாரம் இவ்வொரு வினாவுக்காகவே நம்மைப் பழக்கி வைத்ததோ என எண்ணினேன்.

என் அன்னையார் கும்பகோணத்தில் தனியே வசிக்கிறார், வயது 78. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோம். மாத்திரை தீர்ந்துவிட்டதா, தண்ணீர் வருகிறதா, எதிர்வீட்டார் வந்துவிட்டனரா — இருபது ஆண்டுகளாக எங்கள் பேச்சு இவ்வெல்லையைத் தாண்டியதில்லை. சென்ற ஞாயிறன்று மகள் தன் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி, என் முன்னே மேசைமீது வைத்தாள்.

“அம்மா, இவ்வளவு நாள் உன்னைக் கேட்டதே இல்லை. தனியாக இருக்கிறாயே, போய்விடுவோம் என்ற நினைப்பு வருமா? பயமாக இருக்குமா?” என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் மின்விசிறியின் ஓசை மட்டுமே கேட்டது.

“இருடா, வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறேன்” என்றார்.