தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது 2017ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் உருவாக்கப்பட்ட ஒரு தமிழ் இசைக்குழு ஆகும். வடசென்னையின் கானா பாடலை ராக், ராப் ஆகிய இசை வகைகளுடன் இணைத்துச் சாதி ஒழிப்புக் கருத்துகளைப் பாடுவது இதன் சிறப்பியல்பாகும்.

தோற்றம்

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் இணைந்து இக்குழுவை உருவாக்கின. குரல் தேர்வுக்கு வந்த ஏறத்தாழ 150 பேரிலிருந்து 19 பேர் தெரிவு செய்யப்பட்டனர். முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது.

பெயர்க்காரணம்

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த "சாதியற்ற தமிழர்" என்னும் கருத்தாக்கத்தைத் தழுவி இப்பெயர் இடப்பட்டது.

இசை

கானா என்பது இராயபுரம், வியாசர்பாடி முதலிய பகுதிகளில் வாழும் உழைக்கும் மக்களின் பாடல் வடிவம் ஆகும். இறப்பு வீடுகளில் இரவு முழுவதும் கானா பாடப்படுவது வழக்கம். இதனாலும், பாடுவோரின் சமூகப் பின்னணியாலும் இது நெடுங்காலம் இழிவாகக் கருதப்பட்டு, சபா மேடைகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது. திரைப்படங்கள் கானாவைப் பயன்படுத்திக் கொண்டபோதும், அதன் பாடகர்கள் பலருக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை.

மின்கிதார், பேசு கிதார், டிரம்ஸ் ஆகியவற்றைக் கொண்ட குழு அமைப்பு, 1960களில் இங்கிலாந்தின் துறைமுக நகரான லிவர்ப்பூலின் பீட் இசைக்குழுக்களால் உலகெங்கும் புகழ்பெற்றது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இவ்வமைப்புடன் பறை, சட்டி, டோலக் ஆகியவற்றைச் சேர்த்தது. இங்கு அவை பக்க இசையாக அன்றி, பாடலின் தாளத்தை நடத்திச் செல்லும் முதன்மைக் கருவிகளாக விளங்குகின்றன. மும்பை தாராவியைச் சேர்ந்த தமிழ் ராப் பாடகர்களும் குழுவில் இடம்பெற்றனர். முதல் நிகழ்ச்சியில் உறுப்பினர்கள் ஒரே வகையான கோட்டு அணிந்து மேடையேறினர்.

பாடல்கள்

• ஜெய் பீம் ஆன்தம் - அம்பேத்கரைப் போற்றுவது
• கோட்டா பாடல் - இட ஒதுக்கீட்டின் தேவையை விளக்குவது
• வட சென்னை - அப்பகுதி மக்களின் வாழ்வைக் கூறுவது
• மெட்ராசின் மகிழ்ச்சி
• ஐ ஆம் சாரி ஐயப்பா - பெண்களின் வழிபாட்டு உரிமை பற்றியது

இவற்றுள் இறுதியாகக் குறிப்பிட்ட பாடல், 2024 நவம்பரில் மீண்டும் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. அதனைப் பாடிய இசைவாணிக்கு மிரட்டல்களும் வந்தன.

தாக்கம்

ஆண்களே பெரிதும் பாடி வந்த கானாவில், இக்குழுவின் ஒரே பெண் பாடகராக அறிமுகமான இசைவாணி, பிபிசியின் 2020ஆம் ஆண்டுக்கான 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். ராப் பாடகரும் பாடலாசிரியருமான அறிவு 2019இல் தெருக்குரல் என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் தீயுடன் இணைந்து அவர் பாடிய எஞ்சாயி எஞ்சாமி உலகளவில் கவனம் பெற்றது.

நீலம் பண்பாட்டு மையம் 2020 திசம்பரில் மார்கழியில் மக்களிசை விழாவைத் தொடங்கியது. கருநாடக இசைக் கச்சேரிகளுக்குப் பெயர்பெற்ற மார்கழி மாதத்தில் கானா, பறை, நாட்டார் பாடல் ஆகியவற்றுக்கும் இதன்மூலம் மேடை கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

• கானா பாடல்
• அயோத்திதாசர்
• பறை